நிச்சயமும் நம்பிக்கையும்

தெய்வத்தைப் பற்றிப் பாடுகிறவனுக்கு மற்றக் கலைஞர்களுக்கு இல்லாத ஒரு சங்கடம் உண்டு. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே பாட்டின் முடிவு கேட்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கடவுள் இருக்கிறார், அவர் நல்லவர், கடைசியில் எல்லாம் நன்றாகவே முடியும். இந்த முடிவை அவன் கொஞ்சம் தடுமாறிச் சொன்னாலும் கூட்டம் முகத்தைச் சுளிக்கிறது. முடிவு தெரிந்த கதையை ஒரு நாவலாசிரியன் எழுதினால் வாசகன் இரண்டாவது அத்தியாயத்திலேயே புஸ்தகத்தை மூடிவிடுவான். ஆனால் முடிவு தெரிந்த பாட்டைத்தான் கேட்பேன் என்று ஒரு பெரிய கூட்டம் எங்கும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தை நம்பி ஒரு பெரிய வியாபாரமும் நடக்கிறது. அந்த வியாபாரத்துக்குள்ளேயே இருந்துகொண்டு, முடிவை மறுக்காமல், ஆனால் அங்கே போய்ச் சேருகிற வழி அத்தனை சுலபமானதல்ல என்று ஏறக்குறைய நாற்பது வருஷங்கள் பாடிய ஓர் அமெரிக்க ராக் கோஷ்டியைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

கோஷ்டியின் பெயர் டேனியல் ஆமோஸ். தனி மனிதர் பெயர் போலத் தோன்றினாலும் அப்படியல்ல. பைபிளின் பழைய ஏற்பாட்டில் வரும் தானியேல், ஆமோஸ் என்ற இரண்டு தீர்க்கதரிசிகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பெயர் அது. தானியேல் கனவுகளுக்கும் காட்சிகளுக்கும் பொருள் சொன்னவர். கடைசிக் காலத்தைப் பற்றிய பயங்கரமான தரிசனங்களைக் கண்டவர். ஆமோஸ் மந்தை மேய்த்தவர். நியாயம் செத்துப்போன ஊரில் செய்கிற பண்டிகையும் பாட்டும் கடவுளுக்கு வேண்டாம் என்று, பாடிக்கொண்டிருந்தவர்களின் முகத்துக்கு நேரே சொன்னவர். கோஷ்டிக்காரர்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் பெயர் வைத்தார்களோ என்னவோ, அவர்களுடைய கலை வாழ்க்கையின் முதல் பாதிக்கு இந்த இரண்டு பெயர்களே விளக்கமாக அமைந்துவிட்டன. முதலில் தானியேலாக இருந்தார்கள். பிறகு ஆமோஸ் ஆனார்கள். அதற்கும் பிறகு அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்கு எந்தத் தீர்க்கதரிசியின் பெயரும் பொருந்தாது. அந்தக் கடைசி இடம்தான் என் கவனத்தை இழுக்கிறது.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1960களின் கடைசியில் கலிபோர்னியாவில் ஹிப்பி இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் திரிந்துகொண்டிருந்தார்கள். வீட்டை விட்டு வந்தவர்கள். கஞ்சாவிலும் வேறு போதைகளிலும் மோட்சத்தைத் தேடிப் பார்த்தவர்கள். இவர்களில் ஒரு பகுதியினர் திடீரென்று ஏசுவின் பக்கம் திரும்பினார்கள். கோஸ்டா மேசா என்ற ஊரில் கால்வரி சேப்பல் என்று ஒரு சபை. அதன் போதகர் சக் ஸ்மித், வெறுங்காலும் நீண்ட தலைமயிருமாக வந்த இந்தப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்துக்கொண்டார். அவர்கள் கிதார்களோடு உள்ளே வந்தார்கள். 1971ல் அந்தச் சபையைச் சார்ந்து மாரநாதா மியூசிக் என்ற இசைத்தட்டு நிறுவனம் ஏற்பட்டது. அதே வருஷம் ஜூன் மாதத்தில் 'டைம்' பத்திரிகை இந்த இயக்கத்தை அட்டைப்பட விஷயமாக்கியது. ஞானப்பாட்டும் ஆர்கனும் ஆண்டுகொண்டிருந்த இடத்தில் ராக் சங்கீதம் நுழைந்த கதை இதுதான்.

இந்தச் சூழ்நிலையில் உருவான பல கோஷ்டிகளில் ஒன்றுதான் டேனியல் ஆமோஸ். பாட்டுகளைப் பெரும்பாலும் எழுதியவரும் பாடியவரும் டெர்ரி ஸ்காட் டெய்லர். கடைசி வரையில் கோஷ்டியின் மூளையும் மனசும் அவர்தான். ஆரம்ப நாட்களில் ஜெர்ரி சேம்பர்லேன் கிதார் வாசித்தார். 1976ல் வந்த முதல் இசைத்தட்டு, அமெரிக்கக் கிராமியப் பாணியில், ஸ்டீல் கிதார் இழைய, குதிரைக்காரத் தொப்பியோடு பாடியது. இனிமையான சங்கீதம், இதமான விசுவாசம். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

1977ல் இரண்டாவது தட்டு 'ஷாட்கன் ஏஞ்சல்' வந்தது. அதன் முதல் பக்கம் பழைய பாணியிலேயே போகிறது. தட்டைத் திருப்பிப் போட்டால் வேறொரு உலகம். பெரிய வாத்தியக் கூட்டத்தோடு, ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து செல்லும் பாட்டுகளில், உலகத்தின் கடைசி நாட்கள் வருகின்றன. அந்த நாட்களில் அமெரிக்காவில் உலக முடிவு ஒரு நாகரிகமாகவே இருந்தது. ஹால் லிண்ட்ஸே 1970ல் வெளியிட்ட 'தி லேட் கிரேட் பிளானட் எர்த்' என்ற புஸ்தகம், பைபிள் தரிசனங்களை அன்றாடச் செய்திகளோடு பொருத்திக் காட்டி லட்சக்கணக்கில் விற்றது. அந்தப் பக்கத்தை இன்று கேட்கும்போது சங்கீதத்தில் உள்ள துணிச்சல் ஆச்சரியமாக இருக்கிறது. சிந்தனையிலோ துணிச்சல் துளிக்கூட இல்லை. பாடுகிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. யார் போவார்கள், யார் நிற்பார்கள் என்பது உள்பட. இளமையின் நிச்சயம் அது. அப்படிப்பட்ட நிச்சயத்தை நான் பழிக்கவில்லை. எல்லோரும் ஒரு காலத்தில் அணிந்துகொள்கிற சட்டைதான். சிலருக்கு உடம்பு வளர்ந்த பிறகும் அந்தச் சட்டை கிழிவதில்லை என்பதுதான் துரதிர்ஷ்டம்.

டெய்லருக்குக் கிழிந்தது. அடுத்த தட்டான 'ஹாரெண்டஸ் டிஸ்க்' 1970கள் முடிவதற்கு முன்பே தயாராகிவிட்டது. ஆனால் வெளியீட்டு விவகாரங்களில் சிக்கி 1981ல்தான் கடைக்கு வந்தது. அது வந்த சில வாரங்களுக்குள்ளேயே அதற்கு அடுத்த தட்டான 'அலார்மா'வும் வந்துவிட்டது. இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. குதிரைக்காரத் தொப்பியோடு போன கோஷ்டியை வருஷக்கணக்கில் எதிர்பார்த்துக் காத்திருந்த ரசிகர்கள், ஒரே சமயத்தில் இரண்டு புதிய கோஷ்டிகளைச் சந்தித்தார்கள். ஒன்று மின்சார கிதாரும் கிண்டலுமாக வந்தது. மற்றொன்று இன்னும் வேகமாக, வெட்டி வெட்டி, நரம்பைச் சுண்டுகிற 'நியூ வேவ்' பாணியில் வந்தது. ஸ்டீல் கிதார் போன இடம் தெரியவில்லை. பலர் திரும்பிப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் கடைசி வரை விட்டுப் போகவில்லை.

'அலார்மா' நான்கு பாகத் தொடர் ஒன்றின் முதல் பாகம். 1983ல் 'டாப்பல்கேங்கர்', 1984ல் 'வாக்ஸ் ஹியூமானா', 1986ல் 'ஃபியர்ஃபுல் சிமெட்ரி' ஆகியவை தொடர்ந்து வந்தன. ஒவ்வொரு தட்டோடும் டெய்லர் வசனத்தில் ஒரு கதையையும் தவணை தவணையாக எழுதி அச்சிட்டுக் கொடுத்தார். ராக் பாடகர் தொடர்கதை எழுதுகிறார் என்றால் என்னைப் போன்றவனுக்கு ஆவல் ஏற்படாமல் இருக்குமா? ஆனால் கதை என்ற அளவில் அது என்னைக் கவரவில்லை. ஆங்கிலத்தில் பன்யன் நிலைநிறுத்திய யாத்திரை உருவகத்தின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். உருவகத்தின் கனத்தில் மனிதர்கள் நசுங்கிப் போகிறார்கள். டெய்லரிடம் உள்ள கதாசிரியன் வெளிப்படுவது அந்த வசனத்தில் அல்ல, மூன்று நிமிஷப் பாட்டுகளில்தான்.

'டாப்பல்கேங்கர்' ஒரு ஜெர்மன் சொல். ஒருவனைப் போலவே உலவுகிற அவனுடைய இரட்டை உருவம் என்று பொருள். இந்தத் தட்டு வந்த சமயத்தில் அமெரிக்கச் சபைகளில் ஒரு பீதி பரவியிருந்தது. ராக் தட்டுகளைத் தலைகீழாகச் சுற்றினால் சாத்தானின் செய்தி கேட்கும் என்று பிரசங்கிமார்கள் சொல்லிவந்தார்கள். 1982ல் கலிபோர்னியா சட்டசபைக் கமிட்டி ஒன்றின் முன்னால்கூட ஒரு பிரபலப் பாட்டைத் தலைகீழாகப் போட்டுக் காட்டினார்கள். இந்த அமளிக்கு நடுவில், ஒரு கிறிஸ்தவக் கோஷ்டி தன்னுடைய முந்தைய தட்டிலிருந்து ஒரு பாட்டை எடுத்து, நாடாவைத் தலைகீழாக ஓடவிட்டு, அந்த விபரீதமான ஒலிமேல் டி. எஸ். எலியட்டின் உள்ளீடற்ற மனிதர்களை நினைவூட்டும் வார்த்தைகளைப் பொருத்தி, அதையே புதிய தட்டின் முதல் பாட்டாக வைத்தது! குறும்பு என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. பிசாசைத் தேடி நாடாவைத் திருப்பிப் பார்க்கிறீர்களே, திருப்பிப் பார்த்தால் அகப்படுவது உள்ளே ஒன்றுமில்லாத மனிதன்தான் என்று சொல்கிற விமர்சனம் அது.

அதே தட்டில், தொலைக்காட்சிப் பரிசுப் போட்டியைப் போலக் கடவுளிடம் புதுக் கார் எதிர்பார்க்கிற பக்தி வருகிறது. எனக்காகவா இவ்வளவு பெரிய கட்டடம் கட்டினேன், ஆண்டவனுக்காக அல்லவா என்று நெஞ்சில் கை வைத்துப் பேசுகிற பிரசங்கி வருகிறார். நோயாளிகளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பிரபலங்கள் வருகிறார்கள். நான்கே வருஷங்களில், 1987ல், தொலைக்காட்சிப் பிரசங்கி ஜிம் பேக்கர் அவதூறுக்கிடையே தம் ஸ்தாபனத்தை விட்டு விலக நேர்ந்தது. அந்த ஸ்தாபனத்துக்குப் பெரிய உல்லாசப் பூங்காவே இருந்தது. டெய்லரின் ஆமோஸ் வேஷம் பலித்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் தீர்க்கதரிசனம் பலித்துவிட்ட ஒரே காரணத்தால் பாட்டு உயர்ந்துவிடாது. கேலி செய்வது கலையில் சுலபமான காரியம். கேலிக்காரன் தன்னை மட்டும் தனியாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான். கேட்கிற நாமும் அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சிரிக்கிறோம். இந்தக் குறை டெய்லரின் பல பாட்டுகளில் உண்டு. 'டாப்பல்கேங்கர்' தப்பித்துக்கொள்வது அதன் தலைப்பினால்தான். அந்தப் போலிப் பக்தன், அந்த உள்ளீடற்றவன், என்னுடைய இரட்டை உருவம்தான் என்று பாடகர் ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதல் உள்ள பாட்டுகள் இன்றும் உறைக்கின்றன. இல்லாத பாட்டுகள் பழைய கார்ட்டூன்களைப் போல வெளுத்துவிட்டன.

'வாக்ஸ் ஹியூமானா' என்பது தேவாலய ஆர்கனில் மனிதக் குரலைப் போல ஒலிக்கச் செய்யும் ஒரு விசையின் பெயர். யந்திர யுகத்தில் மனிதக் குரல் என்ன ஆகிறது என்று கேட்கும் தட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அவர்கள் பயன்படுத்திய மின்சார வாத்தியங்களின் ஓசையே இன்று காலாவதியாகிவிட்டது. புதுமைக்காக வாங்கிய சாமான்தான் வீட்டில் சீக்கிரம் பழையதாகிறது. நான்கில் என்னை மிகக் குறைவாகத் தொட்டது இதுதான். 'ஃபியர்ஃபுல் சிமெட்ரி' என்ற தலைப்பு, பிளேக் புலியைப் பற்றி எழுதிய கவிதையிலிருந்து எடுத்தது. இங்கே கேலி அடங்கிவிடுகிறது, ஆச்சரியம் தொடங்குகிறது.

அந்த ஆச்சரியம் முழுசாகப் பழுத்தது 1987ல் வந்த 'டார்ன் ஃப்ளோர், பிக் பைட்' தட்டில். இந்த விசித்திரத் தலைப்புக்குப் பின்னால் ஒரு செய்தி உண்டு. கலிபோர்னியாவில் கோகோ என்ற கொரில்லாக் குரங்குக்கு ஊமைகளின் சைகை மொழியைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பூமியதிர்ச்சியை அது தனக்குத் தெரிந்த நாலைந்து சைகைகளை வைத்துக்கொண்டு சொன்னது. பாழாய்ப்போன தரை கடித்துவிட்டது என்பது போல. அதற்குப் பூமியின் அடுக்குகள் தெரியாது, பிளவுகள் தெரியாது. காலடியில் இருந்தது அசைந்தது, பயமாக இருந்தது, கையில் இருந்த வார்த்தைகளைக் கொண்டு சொல்லிவிட்டது. கடவுளைப் பற்றி நாம் சொல்வதெல்லாம், வேதாந்தமும் தேவாரமும் ஞானப்பாட்டும் உள்பட, இவ்வளவுதானோ என்று இந்தத் தட்டு நம்மைக் கேட்க வைக்கிறது.

பத்து வருஷத்துக்கு முன்னால் உலகம் முடியும் விதத்தை வரிசைக்கிரமமாகப் பாடிய அதே மனிதர்தான் இப்படி வந்து நிற்கிறார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நிச்சயம் போய்விட்டது. ஆனால் நம்பிக்கை போகவில்லை. சொல்லப் போனால், நிச்சயம் இருந்த இடம் காலியான பிறகுதான் நம்பிக்கைக்கு நிற்க இடம் கிடைத்தது போல இருக்கிறது. நிச்சயமாகத் தெரிந்த விஷயத்தில் நம்பிக்கைக்கு என்ன வேலை? நாளைக்குச் சூரியன் உதிக்கும் என்று யாரும் விரதமிருந்து நம்புவதில்லை. சங்கீதமும் இந்த மாறுதலுக்கு இசைந்து கொடுக்கிறது. முந்தைய இரண்டு தட்டுகளின் மின்சாரப் பளபளப்பு பின்வாங்கி, கிரெக் ஃப்ளெஷின் கிதார் முன்னே வருகிறது. டிம் சாண்ட்லரின் தாழ்சுருதி கிதார், அடக்கமாகக் கீழே இருந்து தாங்க வேண்டிய வாத்தியம், இங்கே தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கி, தரை நிஜமாகவே அசைவது போன்ற ஒரு பிரமையை உண்டாக்குகிறது. டேனியல் ஆமோஸின் தட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

தட்டு விற்கவில்லை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள அங்கே இந்தச் சரக்கு விற்கப்பட்ட விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிறிஸ்தவ ராக் தட்டுகள் அப்போது பெரும்பாலும் சாதாரணச் சங்கீதக் கடைகளில் விற்கவில்லை. பைபிளும் வாழ்த்து அட்டையும் விற்கிற கிறிஸ்தவப் புஸ்தகக் கடைகளில்தான் விற்றன. அங்கே வருகிறவர் தம் பிள்ளைக்குத் தீங்கில்லாத சரக்கு ஒன்றைத் தேடி வருகிற தகப்பனார் அல்லது தாயார். கொரில்லாவைப் பற்றிய தட்டை அவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார் என்பதில் ஆச்சரியம் என்ன? ஏமி கிராண்ட் என்ற பாடகி 1982ல் வெளியிட்ட 'ஏஜ் டு ஏஜ்' பத்து லட்சத்துக்கு மேல் விற்றது அதே கடைகளின் பலத்தால்தான். மறுபக்கத்தில், கடைவீதியின் பெருவழக்கை விட்டு விலகி நின்ற ராக் சங்கீதத்துக்கு 'ஆல்டர்னேடிவ்' என்று பெயர் வந்து, கல்லூரி மாணவர்களிடையே அதற்கென்று ஒரு ரசனை வளர்ந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த ரசிகர்கள் ஏசுவின் பெயரைக் கேட்டதும் ஒதுங்கிக்கொண்டார்கள். இரண்டு கல்யாண வீட்டுக்கும் அழைப்பிருந்தும் இரண்டு பந்தியிலும் இலை கிடைக்காதவன் கதையாயிற்று இவர்கள் கதை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆறுதலான எளிய பாட்டைக் கேட்கிறவர்களைக் குறைவாக நினைக்க எனக்கு உரிமை இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சந்தேகத்தின் அழகைப் பற்றிப் பிரசங்கம் செய்வது அசட்டுத்தனம் மட்டுமல்ல, குரூரமும்கூட. தெரிந்த முடிவைத் தெரிந்த ராகத்தில் கேட்பதற்கு மனித வாழ்வில் இடம் உண்டு. ஆனால் அந்தப் பாட்டு மட்டுமே பக்தி, மற்றதெல்லாம் அவிசுவாசம் என்று கடைக்காரன் தீர்மானிக்கிறபோதுதான் விபத்து நேருகிறது. அப்போது கஷ்டத்தில் இருக்கிற பக்தன், தன் கஷ்டத்தை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. அப்படி விட்டுவர முடியாதவர்களுக்காகத்தான் டெய்லர் பாடினார். அவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம் பேர். ஆனால் அவர்களுக்கு வேறு பாடகர்கள் அதிகம் பேர் இல்லை.

விற்காத கலைஞன் பல கடை வைக்க வேண்டியிருக்கிறது. 1988ல் 'ஸ்விர்லிங் எடீஸ்' என்ற வேறு கோஷ்டி ஒன்று, புனைபெயர்களில் ஒளிந்துகொண்டு வெளிவந்தது. பெயரை மாற்றினாலும் கையெழுத்து மாறுமா? டெய்லரும் அவருடைய தோழர்களும்தான் என்று கேட்டவர்களுக்குப் புரிந்தது. 1992ல் தம்மைப் போலவே வாசலில் நின்ற மற்ற மூன்று கோஷ்டிகளின் பாடகர்களான மைக் ரோ, டெர்ரி டாஹெர்டி, ஜீன் யூஜீன் ஆகியோரோடு சேர்ந்து 'லாஸ்ட் டாக்ஸ்' என்ற பெயரில் முதல் தட்டை வெளியிட்டார். தெருநாய்கள் என்று தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயரில் சிரிப்பும் இருக்கிறது, கசப்பும் இருக்கிறது. 1996ல் 'தி நெவர்ஹுட்' என்ற, களிமண் பொம்மைகளை வைத்துச் செய்த கணினி விளையாட்டுக்கு டெய்லர் சங்கீதம் அமைத்தார். அவருடைய பக்திப் பாட்டு ஒன்றைக்கூடக் கேட்டிராத எத்தனையோ பேருக்கு அவரைத் தெரிந்தது இதன் மூலமாகத்தான்.

1990களில் டேனியல் ஆமோஸ் பெயரிலும் தட்டுகள் தொடர்ந்தன. 1991ல் 'கால்ஹூன்', 1993ல் 'மோட்டார்சைக்கிள்', 1994ல் 'பைபிள்லாண்ட்'. மூன்றிலும் நல்ல பாட்டுகள் உண்டு. ஆனால் நாவல் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது 1995ல் வந்த 'சாங்ஸ் ஆஃப் தி ஹார்ட்'. இதில் பட், இர்மா என்று ஒரு வயதான தம்பதி காரில் ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். சாதாரண அமெரிக்க நடுத்தரக் குடும்பத்துக் கிழவனும் கிழவியும். பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் டெய்லர் கையில் இவர்கள் அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருப்பார்கள்? 'டாப்பல்கேங்கர்' தட்டில் கடைத்தெருவில் அலைகிற கூட்டத்தில் இரண்டு பேராகக் கேலிக்கு ஆளாகியிருப்பார்கள். இப்போது கேலி முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் அதன் பல் விழுந்துவிட்டது. இவர்களுடைய அசட்டுத்தனத்தை மறைக்காமல் காட்டி, காட்டிய பிறகும் இவர்கள்மேல் பிரியம் வைக்க டெய்லருக்குத் தெரிந்துவிட்டது. நாவலாசிரியர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் எழுதியும் எட்டாத இடம் இது. கதாபாத்திரத்தை மட்டம் தட்டுவதற்கு ஒரு வருஷப் பழக்கம் போதும். மன்னிப்பதற்கு இருபது வருஷம் ஆகிறது.

2001ல் 'மிஸ்டர் பீக்னர்ஸ் ட்ரீம்' இரண்டு குறுந்தட்டுகளாக, முப்பதுக்கு மேற்பட்ட பாட்டுகளோடு வந்தது. தலைப்பில் உள்ள பெயர் பிரெடரிக் பீக்னருடையது. அமெரிக்க நாவலாசிரியர், முதல் நாவல் 1950ல் வந்தது. 1958ல் பிரெஸ்பிடீரியன் சபையில் குருப்பட்டம் பெற்றார். அதற்குப் பிறகும் நாவல் எழுதுவதை விடவில்லை. 1980ல் வந்த 'காட்ரிக்' அவற்றில் புகழ்பெற்றது. 2022ல் காலமானார். புனிதர்களைக்கூட அழுக்கும் வியர்வையுமாகக் காட்டியவர் அவர். சந்தேகத்தை நம்பிக்கையின் விரோதியாக நினைக்காதவர். ஒரு ராக் கோஷ்டி தன் மிகப் பெரிய தட்டுக்கு ஒரு நாவலாசிரியரின் பெயரை வைப்பது எங்கள் ஜாதிக்குப் பெருமைதான். ஆனால் பெருமைக்காகக் குறையைச் சொல்லாமல் விட முடியாது. பாட்டுகள் அதிகம். பாதியை எடுத்துவிட்டிருந்தால் மிச்சம் இரண்டு பங்கு பலத்தோடு நின்றிருக்கும். பத்திரிகாசிரியர் இல்லாத எழுத்தாளனுக்கு வருகிற அதே வியாதி இது. கடைக்காரனின் தொல்லை நீங்கிவிட்டால் கத்தரிக்கோலின் உதவியும் நீங்கிவிடுகிறது.

பிறகு பன்னிரண்டு வருஷ மௌனம். 2013ல், இணையத்தில் ரசிகர்களிடமிருந்தே முன்பணம் திரட்டி, 'டிக் ஹியர், செட் தி ஏஞ்சல்' வெளியாயிற்று. இங்கே தோண்டு என்றானாம் தேவதூதன். 1977ன் தட்டிலும் ஒரு தேவதூதன் பெயரில் உண்டு. அவன் கையில் துப்பாக்கி. இவனோ மண்ணைக் காட்டுகிறான். புதையலுக்காகத் தோண்டச் சொல்கிறானா, குழிக்காகவா என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். முதுமையும் மரணமும் தட்டு முழுவதும் பரவிக்கிடக்கின்றன. 'லாஸ்ட் டாக்ஸ்' தோழர் ஜீன் யூஜீன் 2000லேயே இறந்துவிட்டார். தரையை அசைய வைத்த டிம் சாண்ட்லரும் 2018ல் போய்விட்டார்.

இந்தத் தட்டுகளை வருஷ வரிசைப்படி கேட்டு வருகிறவனுக்கு, தனித்தனியாகக் கேட்கிறவனுக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. 1977ல் இந்த மனிதர் உலகத்தின் முடிவைப் பற்றிப் பாடினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, பயமில்லை. 2013ல் தம்முடைய முடிவைப் பற்றிப் பாடுகிறார். அவருக்கு அதிகம் தெரியவில்லை, பயமும் இருக்கிறது. ஆனாலும் பாடுகிறார். முதல் பாட்டைக் கேட்டு யாரும் மனம் மாறியிருக்கலாம்; இரண்டாவது பாட்டைக் கேட்டுத்தான் ஒருவன் ராத்திரியைக் கழிக்க முடியும்.

இளம் வயதில் ஒரு நல்ல பாட்டு எழுதிவிட்டுப் போய்விடுகிற கலைஞர்கள் எந்தத் தேசத்திலும் உண்டு. நீடித்து உழைக்கிறவர்களிலும் பெரும்பாலோர் முதல் வெற்றியையே திரும்பத் திரும்ப நகல் எடுத்துக்கொண்டிருப்பார்கள். தமக்குத் தெரிந்ததாக நினைத்ததை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே, நம்பியதை மட்டும் கைவிடாமல், முப்பத்தேழு வருஷங்கள் நடந்தவர்கள் மிகச் சிலர். டேனியல் ஆமோஸின் சங்கீதம் எல்லாமே முதல் தரமானது என்று நான் சொல்லமாட்டேன். அந்த நடை முதல் தரமானது.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் 'டார்ன் ஃப்ளோர், பிக் பைட்' தட்டைக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள். பிறகு கிழவனும் கிழவியும் காரில் போகிற தட்டைக் கேளுங்கள். துப்பாக்கி ஏந்திய தேவதூதனைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரிந்த பிறகு, எங்கிருந்து கிளம்பினார்கள் என்பதைக் கேட்கும்போது, அந்த இளைஞர்களின் நிச்சயத்தின்மேல்கூட ஒரு பிரியம் உண்டாகும்.